தொடாத எழுத்து

தருமபுரி அரசு மருத்துவமனை, இரண்டாம் மாடி.
மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வருகிறவர்களும்
வந்தால் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறவர்களுமாக
ஆறு கட்டில், ஒரு பலகை.
அதுதான் பள்ளிக்கூடம்.
தலைமையாசிரியை, உதவியாசிரியை, மணியடிப்பவள்
மூன்றும் நானே.
மணி கிடையாது.
குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்தால் பாடவேளை தீர்ந்தது.

ஊரெல்லாம் பள்ளிகள் பூட்டிக் கிடந்த வருஷம்
எங்களுடையது மட்டும் திறந்திருந்தது.
இதைப் பெருமையாகச் சொல்ல
இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

சாக்பீஸ் கூடாது, தூசி.
நோட்டு கைமாறக் கூடாது.
கட்டிலுக்கும் எனக்கும் நடுவே
தரையில் ஒரு மஞ்சள் கோடு.
முகத்தில் மாஸ்க், அதன்மேல் கண்ணாடித் தகடு,
என் குரல் எனக்கே
பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்டது.

மூன்றாம் கட்டில் ருத்ரேஷ்.
பஞ்சப்பள்ளிப் பக்கம், வீட்டில் கன்னடம், ஏழு வயது.
கணக்கு கேட்டேன்:
ஒரு கூடை தக்காளி நூறு ரூபாய்.
பத்துக் கூடை விற்றால்?
"ஒண்ணுமில்ல டீச்சர்.
அப்பா ரோட்டுல கொட்டிட்டாரு."
அந்த வாரம் பாலக்கோடு மார்க்கெட் மூடியிருந்தது.
சரி என்று போட்டேன்.

மழை என்றால் அவனுக்கு வராது.
"மளெ."
மழை.
"மளெ. எங்க வீட்ல மளெதான்.
அதுலயும் நனையும் டீச்சர்."

பதினோரு வருஷமாக ஒரே வாக்கியம்தான் சொல்லியிருக்கிறேன்:
என் வாயைப் பாரு.
இப்போது சொல்லிவிட்டு
நீலத் துணியோடு நின்றேன்.
அவனும் துணியைத்தான் பார்த்தான்.

சரி, கையைப் பாரு.
இடது கை மேலே: இது அண்ணம்.
வலது கை கீழே: இது நாக்கு.
விரல் நுனியை மடக்கி
உள்பக்கமாக மேலே கொண்டு போ.
போ, போ... நிறுத்து.
தொட்டால் அது ள.
தொடாமல் பக்கத்தில் நின்றால்
அதுதான் ழ.

கொஞ்ச நேரம் யோசித்தான்.
"அந்த எழுத்துக்கும் கொரோனாவா?"

ஐந்தாம் கட்டிலில் தில்ஷாத் சிரித்தது
துணிக்கு வெளியே கண்ணில் தெரிந்தது.
அரூர்ப் பெண். ஊசி ஏறாத கையால்
அவளும் ழ போட்டுப் பார்த்தாள்.
கட்டிலுக்குக் கட்டில் சின்னச் சின்னக் கைகள்
எதையோ தொடப்போய்த்
தொடாமல் நின்றன.

மறு திங்கள்கிழமை
ஐந்தாம் கட்டிலில் உறை மாற்றியிருந்தார்கள்.
"ராத்திரியே சேலம் அனுப்பிட்டோம்" என்றார் நர்ஸ்.
அதற்குமேல் அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
வருகைப் பதிவேட்டில் இரண்டு குறிதான் உண்டு.
மூன்றாவதாக நான் ஒரு பென்சில் புள்ளி வைத்தேன்.
பிறகு எத்தனையோ தாள் புரட்டியாயிற்று.
புள்ளிமேல் இன்னும் பேனா போடவில்லை.

பின்கட்டு மாடிப்படி ஓரம்
யாருமில்லாத பத்து நிமிஷம், ஒரு டம்ளர் டீ.
தகட்டைக் கழற்றி, மாஸ்க்கை இறக்கி
முதல் வாய் குடித்தபோது
மேலே ஜன்னலில் டொக் டொக்.
ருத்ரேஷ்.
ஒரு கையில் குளுக்கோஸ் ஸ்டாண்டு,
மறு கை என் முகத்தை நோக்கி.
கண்ணாடிக்குள் அவன் கத்தியது எனக்குக் கேட்கவில்லை,
ஆனால் புரிந்தது:
டீச்சருக்கும் நம்ம ஊர்ப் பல்லு!

ஆமாம்டா.
பென்னாகரத்து போர்த் தண்ணி.
கல்யாண போட்டோவில்கூட உதடு திறக்காதவள்,
முன்பல் நாலிலும் பழுப்புக் கோடு.
மாஸ்க் வந்தபோது எனக்குள் ஒருத்தி
அப்பாடா என்றாள்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

அவன் தன் மாஸ்க்கை இறக்கித்
தன்னுடையதைக் காட்டினான்.
அதே பழுப்பு, இன்னும் கொஞ்சம் அடர்த்தி.
போடுடா மாஸ்க்கை என்று கைகாட்டினேன்.
போடவில்லை.
வாயை நன்றாகத் திறந்தான்.
நாக்கு மடங்கி மேலே போனது.
தொட்டதா, தொடவில்லையா,
கீழேயிருந்து தெரியவில்லை.

டம்ளரை வைத்துவிட்டு
இரண்டு கையையும் உயர்த்தினேன்.